எந்த மாத்திரைச் சீட்டு சரி? – வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தியம் பார்த்துக்கொள்பவர்களின் மாத்திரைக் குழப்பத்தைப் பற்றியவை. ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

தங்கச்சிமடம் வாசகி: என் அம்மாவுக்கு வயது 68. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடங்களாக உள்ளன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடமும் காட்டி வருகிறோம். போன வருடம் நெஞ்சுவலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று இடத்துச் சீட்டுகளும் மூன்று விதமாக இருக்கின்றன. இப்போது கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை வேறு சேர்ந்திருக்கிறது. எந்தச் சீட்டு சரி என்று தெரியவில்லை.

பதில்: எழுதியவர்களைக் கேட்டால் மூன்றும் சரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் உங்கள் அம்மா விழுங்குவது மூன்று சீட்டுகளின் கூட்டுத்தொகையை. அந்தக் கூட்டுத்தொகை எந்தச் சீட்டிலும் இல்லை. நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த மாத்திரை அட்டைகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் மாத்திரைகளில் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் எழுதிய மாத்திரை வேறு பெயரில் இருந்தாலும், அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் ‘டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5’ என்று அச்சாகியிருக்கிறது. இரண்டையும் போட்டுக்கொண்டால் நாளொன்றுக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் ஆகிறது. கணுக்கால் வீக்கம் இந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடக் கூட வீக்கத்துக்கான வாய்ப்பும் கூடும். அந்த வீக்கத்தைப் புதிய நோய் என்று எண்ணி நீர் மாத்திரையைச் சேர்ப்பதும், நீர் மாத்திரையால் உப்புச் சத்து குறைந்து தசை இழுக்கிறது என்று அதற்கும் ஒரு மாத்திரை சேர்ப்பதும் எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற சங்கிலி. இதயத்தாலோ சிறுநீரகத்தாலோ வரும் வீக்கமா என்பதைப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பரிசோதனைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, ஒரே மருந்து இரண்டு வழியாக உள்ளே போகிறதா என்பது.

அதே படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. மதுரையில் கொடுத்த ஒரே காப்ஸ்யூலில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றும் அடங்கியிருக்க, கொழுப்புக்கு என்று ரோசுவாஸ்டாடின் தனியாகவும் இருக்கிறது. அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் ஒரே வகைக் கொழுப்பு மருந்துகள். ஒருவருக்கு ஒன்று போதும். சேர்த்துப் போட்டால் தசைவலியும் தசைச் சேதமும் வரும் அபாயம் கூடும்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. குறிப்பாக, ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இந்த வாரத்துக்குள் வீட்டில் உள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும், பழையது, பாதி முடிந்தது, சொட்டு மருந்து, இன்சுலின் உட்பட, ஒரே பையில் போட்டு உங்களுக்கு வசதியான ஒரு மருத்துவரிடம் எடுத்துச் சென்று, ‘அம்மா எல்லாவற்றையும் போடுகிறார், எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். சீட்டுகளை மட்டும் எடுத்துச் செல்வதில் பாதிப் பலன்தான் உண்டு. எழுதிக் கொடுத்தது என்ன என்பதைச் சீட்டு சொல்லும். எதை எவ்வளவு போட்டார் என்பதை அட்டையில் பிய்த்த இடங்கள்தான் சொல்லும்.

அப்படி எழுதி வாங்கும் பட்டியலில் மூலமருந்தின் (மாத்திரைக்குள் இருக்கும் மருந்துப் பொருளின்) பெயரும் மில்லிகிராமும் முதலில் வர வேண்டும். கம்பெனிப் பெயர் அடுத்துத்தான். எந்த வேளைக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எதற்காக, யார் எப்போது தொடங்கினார், எதுவரை ஆகியவையும் இருக்க வேண்டும். ‘எதற்காக’ என்ற பத்தியைத்தான் மருத்துவர்களாகிய நாங்கள் மிகுதியாக விட்டுவிடுகிறோம். காரணம் எழுதப்படாத மாத்திரையை அடுத்த மருத்துவர் நிறுத்தத் துணிய மாட்டார். இரண்டு வாரத்துக்கு என்று தொடங்கிய கேஸ் மாத்திரை ஆறு ஆண்டுகளாக ஓடுவது இப்படித்தான். பட்டியலின் தலைப்பில் ஒவ்வாமை தந்த மருந்தின் பெயரும், கடைசியில் ‘நிறுத்தியவை’ என்ற பகுதியும் கட்டாயம் வேண்டும். எந்தத் தேதியில், என்ன காரணத்தால் நிறுத்தப்பட்டது என்பது இல்லாவிட்டால், நிறுத்திய மருந்து இன்னொரு ஊரில், இன்னொரு பெயரில் திரும்பி வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துகளால் நேரும் தவிர்க்கக்கூடிய தீங்குகளைக் குறைக்க ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது மூன்று இடங்களை முன்னுரிமையாகக் குறித்தது. அபாயம் மிகுந்த மருந்துகளும் சூழல்களும் ஒன்று. ஒருவரே பல மருந்துகளை உட்கொள்வது மற்றொன்று. நோயாளி ஓரிடத்துச் சிகிச்சையிலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுவது மூன்றாவது. உங்கள் அம்மா மூன்றிலும் இருக்கிறார். திருத்திய பட்டியலின் ஒரு நகலை, வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமும் அவசியம் கொடுங்கள். மதுரையில் மருந்து மாறிய செய்தியை நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

உச்சிப்புளி, செவிலியர்: தனியார் கிளினிக் ஒன்றில் வேலை செய்கிறேன். மாலை ஓ.பி.யில் கூட்டம் தாங்காது. கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் மருந்துப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதை நம்ப முடியவில்லை. மருத்துவருக்கு ஒருவரிடம் நான்கு நிமிடம் பேசவே நேரமில்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே செய்ய முடியும், சிஸ்டர், இந்த வேலையில் பெரும்பகுதி மருத்துவரின் மேசைக்கு முன்பே முடிய வேண்டியதுதான். கம்ப்யூட்டர் பட்டியலின் குணம், சேர்ப்பது எளிது, நீக்குவது எவருடைய வேலையும் இல்லை என்பது. இரண்டு வருடங்களுக்கு முன் ஐந்து நாளைக்கு எழுதிய ஆன்டிபயாடிக் இன்னும் ‘தற்போதைய மருந்து’ என்று நின்றுகொண்டிருக்கும். பழைய சீட்டை அப்படியே நகலெடுத்து அச்சிடும் பொத்தான் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ரத்த அழுத்தம் பார்க்க நோயாளி உங்கள் எதிரில் உட்காரும் அந்த இரண்டு நிமிடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ‘அதே மாத்திரைதானே போடுறீங்க?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் செய்தி எதுவும் இல்லை. ‘இன்னைக்குக் காலையில என்னென்ன மாத்திரை போட்டீங்க, எடுத்துக் காட்டுங்க’ என்று கேளுங்கள். அடுத்து, ‘இதுல எந்த மாத்திரை அடிக்கடி விட்டுப்போகுது?’ என்று, விட்டுப்போவது இயல்புதான் என்ற தொனியில் கேட்டால் உண்மை வரும். மயக்கம் வருகிறது என்று பாதியாக உடைத்துப் போடுவதும், காசுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று அதைப் போடுவதும் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். மூன்றாவதாக, மாத்திரை என்று மக்கள் கணக்கில் எடுக்காதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: ஊசி, இன்சுலின், மூச்சுக்கு இழுக்கும் மருந்து, கண் சொட்டு, களிம்பு, கருத்தடை மாத்திரை, தூக்க மாத்திரை, லேகியம், சூரணம். கண் அழுத்த நோய்க்கு ஊற்றும் டிமோலால் சொட்டு ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். சொட்டு மருந்துதானே என்று அதை யாரும் சொல்வதில்லை.

கேட்டதைக் கம்ப்யூட்டர் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டு, எழுதியபடி போடுகிறார், வேறு மாதிரி போடுகிறார், போடவில்லை என்று ஒவ்வொரு வரியிலும் குறித்துவிடுங்கள். பட்டியலில் இல்லாமல் கையில் இருப்பதைத் தனியே எழுதுங்கள். நீங்கள் எதையும் அழிக்கவோ அளவை மாற்றவோ வேண்டாம், முடிவு மருத்துவருடையது. ஆனால் முரண்பாடுகள் மட்டும் குறித்த தாள் எதிரில் வந்துவிட்டால், அவர் முழுப் பட்டியலையும் படிக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு மூன்று வரிகளுக்கு நான்கு நிமிடம் தாராளமாகப் போதும்.

எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாத நாட்கள் இருக்கும். அப்போது, சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியவர்கள், ஐந்துக்கு மேற்பட்ட மருந்து போடுபவர்கள், இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் இருப்பவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் ஆகியோரை மட்டும் விடாதீர்கள். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போடுபவர் பல்வலிக்கு என்று வேறிடத்தில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வாங்கியிருந்தால், ரத்தப்போக்கு ஏற்படும் அளவுக்கு வார்ஃபரினின் வேகம் கூடிவிடும். மெட்ரோனிடசோல், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் என்ற பெயர்கள் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்து மாறிப்போவதும் உண்டு. மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள் போட வேண்டியது; தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த வரியில் ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதினால் போதாது. ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று கிழமையின் பெயரையே எழுதுங்கள்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கல், கணவர் கடலுக்குப் போயிருக்க மனைவி சீட்டோடு வந்து மாத்திரை வாங்கிப் போவது. அவரைத் திருப்பி அனுப்புவது நியாயமாகாது. ஆனால் அந்த வருகையில் பட்டியல் சரிபார்க்கப்படவில்லை என்று குறித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் மாத்திரைப் பையோடு வரச் சொல்லி, சிறுநீரகப் பரிசோதனையும் பட்டியல் திருத்தமும் செய்துகொள்ள அதைவிட நல்ல பருவம் கிடைக்காது.

கடைசியாக, திருத்திய பட்டியலை அச்சிட்டுக் கையில் கொடுக்கும்போது பழைய தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள், அல்லது குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிளாஸ்டிக் கவருக்குள் ஐந்து வருடச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கும் நம் மக்கள், அவசரத்தில் கைக்கு எட்டியதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உங்கள் மருத்துவரின் கையெழுத்தைப் பற்றி நீங்கள் கடிதத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர்கள் மூலமருந்தின் பெயரில், படிக்கும்படியாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகளிலேயே 2016-இல் திருத்தம் வந்தாகிவிட்டது. ஆகவே தயங்காமல் கேட்கலாம்.

கீழக்கரை வாசகர்: எங்கள் வீட்டில் மூன்று பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். வரும்போதெல்லாம் மருந்துகளும் வரும். இது தவிர, நோன்பு மாதத்தில் என் தந்தை சர்க்கரை மாத்திரை நேரத்தை அவராகவே மாற்றிக்கொள்கிறார். பட்டியலில் இவற்றையெல்லாம் எப்படிக் குறிப்பது?

பதில்: வெளிநாட்டுப் பெட்டியில் வரும் மருந்தும் பட்டியலில் இடம்பெற வேண்டிய மருந்துதான். எளிய உதாரணம், பனடால். அது பாராசிட்டமால்தான் என்பது பலருக்குத் தெரியாமல், இங்கே காய்ச்சலுக்கு எழுதிய 650 மில்லிகிராம் பாராசிட்டமாலோடு அதையும் சேர்த்துப் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒருநாளின் உச்ச வரம்பு 4 கிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும். மெலிந்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அந்த வரம்பே அதிகம். பெட்டியைத் திறந்தவுடன் மூலமருந்தின் பெயரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்; அட்டையில் வேறு மொழி மட்டுமே இருந்து பெயர் புரியாவிட்டால் அதைப் போட வேண்டாம்.

நோன்பைப் பொறுத்தவரை, மாற்றுவது தவறில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். தாமாக மாற்றுவதுதான் ஆபத்து. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைச் சஹரில் (விடியலுக்கு முந்தைய உணவு வேளையில்) வழக்கமான காலை அளவிலேயே போட்டுவிட்டுப் பகல் முழுவதும் உண்ணாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஆகையால் பெரிய அளவை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றுவதும் சஹர் அளவைக் குறைப்பதும் பொதுவான நடைமுறை. இன்சுலினுக்கும் கணக்கு உண்டு. நோன்பு தொடங்க 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு மாதத்துக்கு என்று தனிப் பட்டியலை, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெருநாள் முடிந்து வழக்கமான பட்டியலுக்குத் திரும்ப மறப்பதால் வரும் சிக்கலை ஒவ்வோர் ஆண்டும் ஓ.பி.யில் பார்க்கிறேன், பகலுணவுக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும்.

மண்டபம் வாசகர்: படகில் வலை இழுத்து இழுத்து இடுப்பு வலி. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவேன். சில நேரம் ஊசியும் போட்டுக்கொள்வேன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலி மாத்திரையையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும், ஐயா. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அது தெரியாத மருத்துவர் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். எனாலாபிரில், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மருந்து, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து, வெயிலில் வியர்த்துத் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். நாட்டு வைத்தியரிடம் வாங்குவதும் இதில் சேர்த்தி. வைத்தியரைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, உள்ளே போவதெல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்கிறோம்.

ஏர்வாடி வாசகர்: தர்காவுக்கு மனநலச் சிகிச்சையில் உள்ளவர்களை வெளியூர்களிலிருந்து அழைத்து வந்து தங்குகிறார்கள். பலரிடம் அட்டை இல்லாமல் உதிரி மாத்திரைகள் காகிதக் கவரில் இருக்கின்றன. உதவி செய்யும் எங்களால் என்ன செய்ய இயலும்?

பதில்: உதிரி மாத்திரையை நிறத்தையும் வடிவத்தையும் வைத்து அடையாளம் காண முயலாதீர்கள். ஒரே மருந்து கம்பெனி மாறினால் நிறமும் மாறும். அரசு வழங்கும் மாத்திரைகளிலும் இது நடக்கிறது. அவர் வழக்கமாகச் சிகிச்சை பெறும் மருத்துவமனைச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஊரிலுள்ள உறவினரைக் கேளுங்கள். அதைவிட முக்கியமான ஒரு விவரத்தை முதல் நாளே எழுதி வையுங்கள்: கடைசியாக எந்தத் தேதியில் மாத்திரை போட்டார்? குளோசபின் என்ற மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய முழு அளவில் மீண்டும் தொடங்கக் கூடாது. குறைந்த அளவிலிருந்து மருத்துவர்தான் படிப்படியாக ஏற்ற வேண்டும். லித்தியம் போடுபவர்களுக்குக் கடற்கரை வெயிலில் உடல் வறண்டாலோ, இடையில் வலி மாத்திரை கொடுத்தாலோ ரத்தத்தில் மருந்தின் அளவு நச்சாகும் வரை ஏறலாம். கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பாம்பன் வாசகி: பட்டியலைக் கைப்பேசியில் படமாக வைத்திருந்தால் போதாதா?

பதில்: வைத்திருங்கள், ஆனால் புதிய படம் எடுத்த அன்றே பழைய படத்தை அழித்துவிடுங்கள். காகித நகல் ஒன்று மாத்திரை டப்பாவிலும் இருக்கட்டும். அரசின் 14 இலக்க ஆபா எண் (சுகாதாரக் கணக்கு எண்) இருந்தால் மருத்துவமனைப் பதிவுகளை அதோடு இணைக்க முடியும். அப்படி இணைத்தாலும் நீங்கள் வீட்டில் எதை விட்டுவிட்டீர்கள் என்பது அதில் பதிவாகாது.

தொண்டி வாசகர்: மெடிக்கலில் எழுதிய மாத்திரை இல்லை, ‘இதுவும் அதேதான்’ என்று வேறு கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, அட்டவணை எச் பிரிவிலுள்ள (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய) மருந்தைப் பெயர் குறித்து மருத்துவர் எழுதியிருந்தால், அதே மூலமருந்து அடங்கியதாக இருந்தாலும் வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தாமாக மாற்றித் தரக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவில்தான் வரும். மலிவான மாற்று வேண்டும் என்றால் மூலமருந்தின் பெயரிலேயே எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்டு, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்குங்கள். எப்படி வாங்கினாலும், புதிய அட்டையில் உள்ள மூலமருந்துகளும் மில்லிகிராமும் பட்டியலோடு ஒத்துப்போகின்றனவா என்று கடை வாசலிலேயே பாருங்கள். பட்டியலில் ஒரு மருந்தும் அட்டையில் இரண்டு மருந்துகளும் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் மீதமிருக்கும் பழைய அட்டையை முடித்துவிட்டுத்தான் புதியதைப் பிரிக்க வேண்டும்.